நிறுத்தி வைத்த பெயர்

அத்தியாயம் 6

ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரை நான் வேண்டுமென்று அணைக்கவில்லை. என் போனில் சார்ஜ் இல்லை. சுவரில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான் இருந்தது. அதில் ஏற்கெனவே ஒரு ஒயர் சும்மா சொருகியிருந்தது. சும்மா சொருகியிருந்த மாதிரிதான் எனக்குத் தெரிந்தது. பிடுங்கிவிட்டு என் சார்ஜரைச் சொருகினேன். போன் 'டிங்' என்று சந்தோஷப்பட்டது. மேஜைக்கு அந்தப் பக்கம், உறுப்பு மாற்றுப் பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் ஜெனி என்கிற பெண், "ஐயோ!" என்றாள்.

நாங்கள் வெகுநேரம் கெஞ்சியதற்கு மனமிரங்கி, அப்போதுதான் அவள் லட்சுமணனின் பக்கத்தைத் திரையில் திறந்திருந்தாள்.

"டேய் திருமலை," என்றார் ரஹீமுன்னிசா அக்கா, என்னைத் திரும்பிப் பார்க்காமலே. அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பழக்கம் இருந்தது.

ராயபுரத்தில் படகு இன்ஜின் உதிரிபாகக் கடைக்கு மாடியில் இருக்கிறது எங்கள் துப்பறியும் நிலையம். 'எங்கள்' என்பது நானாகச் சேர்த்துக்கொண்டது. அக்கா முன்பு ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் சொல்லிப் பணம் கேட்பவர்களைப் பிடித்துக் கொண்டிருந்தவர். மூழ்காத படகை மூழ்கிவிட்டதாக எழுதிக் கொடுத்த பல பேர் இன்றும் அவரைக் கண்டால் தெரு மாறிப் போவார்கள். என் விசிட்டிங் கார்டில் 'இணைத் துப்பறிவாளர்' என்று போட்டிருக்கும். அக்கா என்னை அறிமுகப்படுத்தும்போது, "ஸ்கூட்டர் ஓட்டற பையன்" என்பார். எனக்கு முப்பத்தெட்டு வயது.

இந்த வழக்கில் எங்கள் கட்சிக்காரர் பூவம்மா. காசிமேட்டில் மீன் வாங்க வருகிறவர்களுக்கு வெட்டி, செதில் எடுத்து, ஆய்ந்து கொடுப்பவர். அவர் கணவர்தான் லட்சுமணன். கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டியவர். சர்க்கரை வியாதி அவருடைய இரண்டு சிறுநீரகத்தையும் தின்றுவிட்டு இப்போது கண்ணை ருசி பார்த்துக் கொண்டிருந்தது. டயாலிசிஸில் நாள் ஓடுகிறது. மாற்றுச் சிறுநீரகத்துக்காக உறுப்புப் பதிவுத் தளத்தில் அவர் பெயர் ஏறி வெகுகாலம் ஆகிறது.

போன வாரம் இதே ஆஸ்பத்திரியில், ஒரு குடும்பம் தாங்க முடியாத துக்கத்துக்கு நடுவில் தங்கள் பிள்ளையின் உறுப்புகளைக் கொடுத்தது. லட்சுமணனின் ரத்த வகைதான். பூவம்மா வீட்டுக்கு போன் வரவில்லை. அவர் கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்து கேட்டபோது கிடைத்த பதில்: 'உங்க வீட்டுக்காரர் பேரு நிறுத்தி வெச்சிருக்கு.'

யார் நிறுத்தியது?

'சிஸ்டம்ல அப்படித்தான் இருக்கு.'

நாளை வெள்ளிக்கிழமைக்குள் பெயர் மறுபடி உயிர் பெறாவிட்டால், எடுத்து வைத்த பரிசோதனைகள் எல்லாம் காலாவதி. முதலிலிருந்து எடுக்க வேண்டும். அந்த அலைச்சலை இவர் உடம்பு தாங்குமா என்று டாக்டரே சந்தேகப்பட்டாராம். யாரோ சதி செய்து அவரைக் கீழே தள்ளிவிட்டார்கள் என்பது பூவம்மாவின் முடிவு. லட்சுமணனைக் கேட்டால், "சரி வுடு பூவு, கம்ப்யூட்டரு தான, அது இன்னா மனுசனா" என்று சொல்லிவிட்டு எங்கேயாவது போய்விடுகிறார். நாங்கள் இரண்டு முறை வீட்டுக்குப் போனோம். இரண்டு முறையும் அவருடைய செருப்பு இல்லாத வாசலைத்தான் பார்த்தோம்.

இப்போது ஜெனியின் திரையில், 'புதுப்பித்தல் நடைபெறுகிறது, அணைக்க வேண்டாம்' என்று ஒரு வட்டம் சுற்றிக் கொண்டிருந்தது. நானும் அதோடு சேர்ந்து சுற்றாத குறை.

"சரிம்மா, அது சுத்தட்டும். நீ வாயால சொல்லு," என்றார் அக்கா. "யாரு நிறுத்தினாங்க?"

"அத நான் சொல்லக் கூடாது மேடம்."

"ஆஸ்பத்திரியா?"

"சொல்லக் கூடாது."

"ஆஸ்பத்திரி இல்லேன்னாவது சொல்லலாமா?" என்றேன் நான்.

"எத சொல்லலாம்னே சொல்லக் கூடாது சார்."

"நல்லவேள, உன் பேரையாவது கழுத்துல மாட்டிக்கினு கீற."

அக்கா என் காலை மிதித்தார். பிறகு ஜெனியிடம் மிருதுவாக, "லட்சுமணனை நிறுத்தினா, அவருக்கு அடுத்து நிக்கிற ஆளுக்குத்தானே லாபம்? அது யாருன்னு சொல்லு, போதும்," என்றார்.

ஜெனிக்கு அலுப்பு வந்தது. தினமும் யாராவது அவளிடம் இதே கேள்வியைக் கேட்கிறார்கள் போலிருக்கிறது. "எல்லாரும் இத ஒரு க்யூன்னு நினைக்கறீங்க. க்யூவே கிடையாது மேடம். ஒவ்வொரு கிட்னி வரும்போதும் கம்ப்யூட்டர் எல்லாரையும் புதுசாப் போட்டுப் பார்க்கும். ரத்தம், திசு, வயசு, எவ்வளவு காலமாக் காத்திருக்காங்க, எந்த ஊரு, எல்லாம். நேத்து முதல்ல வந்தவர் இன்னிக்கு எங்கயோ இருப்பார். 'அடுத்தது'ன்னு ஒருத்தரே கிடையாது."

"என் ஸ்கூல் ரேங்க் மாதிரி," என்றேன்.

"அதுல நீ எப்போடா முதல்ல வந்தே?" என்றார் அக்கா.

கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டது. ஜெனி பாஸ்வேர்டு அடித்தாள். அது திருப்தியடையாமல் அவள் போனுக்கு ஒரு எண்ணை அனுப்பியது. "எதத் தொட்டாலும் ஓடிபி," என்று முணுமுணுத்தாள். "பேஷண்ட் பேருக்குப் பக்கத்துல ஒரு புள்ளி மாத்தணும்னாக்கூட அவங்க போனுக்கு ஒரு நம்பர் போவும், அத அவங்க போட்டாத்தான்..."

சட்டென்று வாயை மூடினாள். அக்கா எழுந்தே விட்டார்.

"ரொம்ப நன்றிம்மா."

"நான் எதுவும் சொல்லலியே மேடம்!"

"அதுக்குத்தான் நன்றி."

வெளியே வந்ததும் நான் தலையை நிமிர்த்திக்கொண்டேன். "பாத்தியாக்கா? நா ஒயர புடுங்கலேன்னா இந்த துப்பு கெடச்சிருக்குமா?"

"சார்ஜரை எடுத்தியா?"

எடுக்கவில்லை. திரும்பப் போய் எடுத்தேன். ஜெனி பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

கல்மண்டபம் டீக்கடையில் நின்றுகொண்டு பதிவுத் தளத்தின் உதவி எண்ணுக்கு அடித்தோம். தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். நோயாளி என்றால் இரண்டு, கொடையாளர் குடும்பம் என்றால் மூன்று. துப்பறிவாளருக்கு எண் ஒதுக்கவில்லை. இரண்டை அழுத்தினேன். ஒரு பெண் குரல், என் அழைப்பு அவர்களுக்கு மிகவும் முக்கியம் என்றது. அதற்கப்புறம் வீணை. டீ ஆறியது. என் முக்கியத்துவமும் ஆறியது. இரண்டாவது டீயும் ஆறிய பிறகு ஓர் இளைஞன் வந்தான்.

"லட்சுமணன் பேரை யாருப்பா நிறுத்தினது?" என்றார் அக்கா.

"அது ஆஸ்பத்திரி சைடு மேடம்."

"ஆஸ்பத்திரில சிஸ்டம்ங்கறாங்க. சிஸ்டம் நீங்கதானே?"

"சிஸ்டம் எங்க சைடு. டேட்டா அவங்க சைடு."

"நடுவுல ஒரு மனுசன் செத்துகினு கீறான்," என்று நான் போனைப் பிடுங்கிக் கத்தினேன். "அவன் எந்த சைடு?"

"அது நெட்வொர்க் சைடா இருக்கும் சார்."

போனைத் தூக்கி எறியலாம் என்று பார்த்தேன். என் போன். அக்கா அதை வாங்கிக்கொண்டு, குரலில் வெல்லம் சேர்த்து, "அப்போ உங்க சைடுல ஏதோ தப்பு நடந்திருக்குன்னு எழுதிக்கவா தம்பி?" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் வேலை செய்தது. தன் பக்கம் தப்பில்லை என்று நிரூபிக்கிற வேகத்தில் தம்பி சொல்லக் கூடாததையெல்லாம் கொட்டினான். நிறுத்தச் சொல்லி வேண்டுகோள் வந்தது பேஷண்டின் சொந்த போனிலிருந்து. போன மாதக் கடைசிப் புதன்கிழமை, காலை நேரம். நம்பர் சரியாகப் போடப்பட்டிருக்கிறது. "எங்க சைடு க்ளீன் மேடம்."

காசிமேட்டில் பூவம்மா ஒரு பெரிய பாறை மீனைப் பலகையில் போட்டுத் துண்டம் போட்டுக் கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் கத்தி நிற்கவில்லை. பேச்சும் நிற்கவில்லை.

"இன்னாக்கா, எவன்னு தெரிஞ்சிதா? பேர மட்டும் சொல்லு. மீதிய நா பாத்துக்கறேன்." துண்டம் விழுந்தது.

"புதன்கிழமை காலைல லட்சுமணன் எங்கே இருப்பார்?"

"டயாலிசீஸ்ல. புதங்கெயம போனா மத்தியானம்தான் வருவாரு."

"போன்?"

"கைலதான் வெச்சிகினு இருப்பாரு. ஒரு கைல ஊசி. இன்னொரு கைல போன்."

"கூட யாரு?"

"நா எங்க போறது, இங்க மீன யாரு வெட்டறது?" இன்னொரு துண்டம். "அவருக்குக் கண்ணு வேற அவ்ளோ தெரியாது. மெசேஜு எதுனா வந்தா பக்கத்து சேர்ல ஜஸீமான்னு ஒரு பொண்ணு, தண்டையார்பேட்ட, அதான் படிச்சி சொல்லும். தங்கமான பொண்ணுக்கா. ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம்னு சொல்லிகினு சிரிப்பாங்க. அதுவும் கிட்னிக்குத்தான் எய்தி வெச்சிகினு..."

கத்தி மேலேயே நின்றுவிட்டது. மீன் வாங்க வந்தவர் ஒரு அடி பின்னால் போனார்.

"அந்தப் பொண்ணா?" பூவம்மாவின் குரல் சிறுத்துவிட்டது. "போன வாரம்கூட அதுக்கு சங்கரா மீனு பொரிச்சி குடுத்து வுட்டேன்க்கா."

"இன்னும் எதுவும் முடிவாகல பூவம்மா," என்றார் அக்கா.

"யார இன்னா கேட்டாலும் முடிவாகல, முடிவாகல! அந்த மனுசன் மூஞ்சிய பாத்தியாக்கா நீ? காலு ஊதிப்போயி செருப்பு நொயய மாட்டுது. எனக்கு முடிவு ஆயிரும் போலகீதே!"

ஸ்கூட்டரில் போகும்போது நான் ஜோக் அடிக்க முயன்றேன். வரவில்லை. இது எனக்கு அபூர்வமாக நேரும் கோளாறு.

ஜஸீமாவுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். தையல் மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். இடது கையில் ஊசி போடும் இடம் தடித்துப் புடைத்திருந்தது. அந்தக் கையை மடியில் குழந்தையைப் போல வைத்துக்கொண்டு வலது கையால் துணியைத் தள்ளினாள். சலாம் சொல்லி, நாற்காலி போட்டாள். இவளா சதிகாரி? இன்சூரன்ஸில் இதைவிட நல்ல முகங்களைப் பார்த்திருப்பதாக அக்கா என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். நான் முகத்தை முறைப்பாக வைத்துக்கொண்டேன்.

"இவருக்கு வயிறு சரியில்லையா?" என்றாள் ஜஸீமா.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. "லட்சுமணன் போன்ல வந்த நம்பரைப் போன மாசம் நீ படிச்சியா?"

"ஆமாக்கா. நாந்தான் படிச்சேன்."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டால் துப்பறிவாளர்கள் எப்படிப் பிழைப்பது?

"என்ன நம்பர் அது?"

"கேஸ் சிலிண்டர் நம்பரு. டெலிவரிக்காரரு கேக்கறாரு, கண்ணு தெரியல, சத்தமா படிமான்னு அண்ணன் சொன்னாரு. படிச்சேன். அவரே தடவித் தடவிப் போட்டுக்கிட்டாரு. ஏன்க்கா?"

அக்கா பதில் சொல்லாமல் பூவம்மாவுக்கு போன் அடித்து ஸ்பீக்கரில் போட்டார். "பூவம்மா, உங்க வீட்ல கேஸ் யார் பேர்ல இருக்கு?"

"என் பேர்லதான்."

"சிலிண்டர் வந்தா நம்பர் யார் போனுக்கு வரும்?"

"என் போனுக்கு. அவருக்கு இன்னா தெரியும்? சிலிண்டர எந்தப் பக்கம் தெறக்கணும்னே தெரியாது அந்தாளுக்கு. இப்ப கேஸு எதுக்குக்கா? அந்தப் பொண்ண கேட்டியா?"

அக்கா இணைப்பைத் துண்டித்தார். மிஷினின் சத்தம் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

"அது கேஸ் இல்லையா?" என்றாள் ஜஸீமா. "அக்கா, நான் என்ன பண்ணிட்டேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல. போன மாசம் அவர்கிட்ட ஏதாவது சொன்னியா? உன்னைப் பத்தி?"

"அழுதேன்." வெட்கப்பட்டுச் சிரித்தாள். "கைல நரம்பு வீணாப் போச்சு, இனி கழுத்துலதான் ஊசி போடணும்னு டாக்டர் சொன்னாரு. புள்ள பாத்தா பயப்படுமேன்னு அழுதேன். அண்ணன் கம்முனு கேட்டுகிட்டு இருந்தாரு."

"போன வாரம் ஆஸ்பத்திரிலேர்ந்து உனக்கு போன் எதுவும் வந்துதா?"

"எனக்கா? இல்லையேக்கா."

வெளியே வரும்போது என் மூளை குழம்பிய மீன் குழம்பாக இருந்தது. "அப்ப லட்சுமணனே தன் பேர தானே நிறுத்திகினாரா? பொண்டாட்டிகிட்ட பொய், பொண்ணுகிட்ட பொய். இன்னாத்துக்குக்கா? சாவறதுக்கா?"

"அவரைக் கேப்போம்."

"எங்க கீறார்னு யாருக்குத் தெரியும்?"

"டிரெய்லர் ஓட்டினவன் வேலை போனப்புறம் எங்கடா போவான்?"

எண்ணூர் பக்கம் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் கன்டெய்னர் வண்டிகள் எப்போதும் போல நின்றிருந்தன. ஒரு வண்டியின் வாலில் இன்னொரு வண்டியின் மூக்கு. கண்ணுக்கு எட்டியவரை அதே. கேட் திறந்து உள்ளே விடும்வரை டிரைவர்கள் அதிலேயே சமைத்து, தின்று, தூங்கி, சவரம் செய்துகொள்வார்கள். வண்டிகளுக்கும் சாக்கடைக்கும் நடுவில் இருந்த இடுக்கில் நான் ஸ்கூட்டரைச் செலுத்தினேன். கரித்தூள் என் சட்டைக்குப் புது நிறம் கொடுத்தது. விசாரித்துக்கொண்டே போய், மஜீது என்பவரின் வண்டியைக் கண்டுபிடித்தோம். கேபினில் அவருக்குப் பக்கத்தில், ஊதிய காலை டேஷ்போர்டில் தூக்கி வைத்துக்கொண்டு, லட்சுமணன் உட்கார்ந்திருந்தார். கனவு காண்கிறவர் போல ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் ஏறுவதற்குள், பின்னால் இருந்த வண்டியிலிருந்து ஓர் இளம் டிரைவர் ஓடி வந்தான்.

"மஜீது பாய்! வூட்லேர்ந்து போன் வந்துச்சு. அவளுக்கு வலி எட்த்துகிச்சாம். சீக்கிரம் லோட எறக்கிட்டு ஓடணும் பாய்."

மஜீது வாயைத் திறப்பதற்குள் லட்சுமணன் தலையை வெளியே நீட்டினார். "வுட்ரா மஜீது, லைன் வுடு! எழிலா, நீ வண்டிய எடு. லெப்ட்ல ஒட்ச்சி வா, வா, வா, ம்ம், போதும்!"

மஜீது வண்டியை ஓரம் கட்டினார். எழிலனின் வண்டி முன்னால் போய் அந்த இடத்தில் நின்றது. மஜீது பின்வாங்கி எழிலன் நின்ற இடத்தில் பொருந்திக்கொண்டார். பின்னால் இருந்தவர்களில் ஒருவர்கூட ஹார்ன் அடிக்கவில்லை.

"யாரும் சண்டைக்கு வரலியே?" என்றார் அக்கா.

"எதுக்கும்மா வரணும்?" என்றார் மஜீது. "என் எடத்துல அவன், அவன் எடத்துல நா. பின்னாடி கீறவனுக்கு இன்னா நஷ்டம்? எங்க லைன்ல இதான் வயக்கம். அவசரக்காரனுக்கு முன்னாடி கீறவன் வுட்டுத் தருவான்."

அக்கா என்னைப் பார்த்தார். இன்சூரன்ஸ் காலத்திலிருந்து அவரிடம் ஒரு பார்வை உண்டு. மூழ்கிய படகு கரையில் குப்புறக் கிடப்பதைக் கண்டுபிடித்தவரின் பார்வை. ஆனால் இந்த முறை அதில் வெற்றி இல்லை.

நாங்கள் கேபினில் ஏறினோம். மஜீது நாகரிகமாக டீ வாங்கப் போனார். எனக்குக் கிடைத்த இடம் கியருக்கும் குடிதண்ணீர்க் கேனுக்கும் நடுவில். துப்பறியும் வரலாற்றில் இப்படி யாரும் உட்கார்ந்து விசாரித்ததாகத் தெரியவில்லை.

"உங்க பேரை நிறுத்தினது யாருங்க?" என்றேன்.

"இன்னா வெயிலு பாரு நைனா," என்றார் லட்சுமணன்.

"புதங்கெயம காலைல உன் போன்லேர்ந்து போயிருக்குது."

"தூங்கிட்டேன் போல. கை பட்டு அமுங்கிருக்கும்."

"நம்பரு வந்திருக்கு. ஜஸீமா படிச்சிகீறா."

"அது கேஸு."

"கேஸு உன் பொண்டாட்டி பேர்ல கீதுய்யா!"

"மாத்தணும் அத," என்றார், ரோட்டைப் பார்த்தபடி. "சொல்லிகினே கீறேன்."

நான் கேனில் தலையை முட்டிக்கொண்டேன். அக்கா என்னை விலக்கிவிட்டு மெதுவாகச் சொன்னார்: "லைன் விட்டீங்களா அண்ணே?"

டேஷ்போர்டில் இருந்த லட்சுமணனின் கால் தானாக இறங்கியது.

"ஜஸீமா முன்னால போகட்டும், அவ இடத்துல நான் நின்னுக்கறேன்னு விட்டீங்க. இப்போ அந்தப் பையனுக்கு விட்ட மாதிரி."

"சின்னப் பொண்ணுக்கா." குரல் எங்கோ இருந்து வந்தது. "ஒரே நாள்ல பதிஞ்சோம். டோக்கன் வாங்கறப்ப என் பின்னாடியேதான் நின்னுது. ஒரே ரத்தம். கயுத்துல ஊசி போடப் போறாங்கன்னு அழுவுது. நா முன்னாடி குந்திகினு இருந்தா அது எப்டி போவும்? ஒரு ட்ரிப்பு போவட்டும், அடுத்த ட்ரிப்பு நா போறேன்னு நெனச்சேன். பூவு கிட்ட சொன்னா வுட மாட்டா. அந்தப் பொண்ணுகிட்ட சொன்னா அதுவும் வாங்கிக்காது." முதல் முறையாக எங்கள் பக்கம் திரும்பினார். "போன வாரம் கிட்னி வந்துச்சாமே? ஆனா அந்தப் பொண்ணு இன்னும் பக்கத்து சேர்லதான் வந்து குந்துது. ஒவ்வொரு தபாவும் சேரு காலியா கீதான்னு பாக்கறேன். எப்பக்கா அத கூப்பிடுவாங்க?"

எனக்கு அந்தப் பதில் தெரியும். அக்காதான் சொன்னார்.

"அது அவளுக்கு வரல அண்ணே. வேற எங்கேயோ, யாருக்கோ போயிடுச்சு."

"எப்டி? பின்னாடிதான நின்னா?"

"அங்கே முன்னாடி பின்னாடி கிடையாது. ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் எல்லாரையும் புதுசாப் பொருத்திப் பாக்கும். யாருக்குச் சேருதோ அவங்களுக்கு. நீங்க ஓரம் கட்டினா உங்க இடத்துக்கு அவ வரமாட்டா. அவ இடத்துக்கு நீங்க போக முடியாது. நீங்க ரோட்டை விட்டே இறங்கிட்டீங்க. அவ்வளவுதான்."

லட்சுமணன் தன் கைகளைப் பார்த்தார். கண்ணாடிக்கு வெளியே எழிலனின் வண்டியின் பின்புறம். அது ஒரு வண்டி அளவுக்கு நகர்ந்தது. எங்கள் வண்டி நகரவில்லை, ஓட்ட ஆளில்லை.

"யாருக்கோ போச்சா," என்றார். "சரி. எவனோ ஒர்த்தன் நல்லா இருக்கட்டும்."

அந்த வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. காசிமேட்டில் அந்தக் கத்தி மேலேயே நின்றது கண்முன் வந்தது.

அக்கா ஜெனிக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். இந்த முறை ஜெனி 'சொல்லக் கூடாது' என்று சொல்லவில்லை. "அவரேதான் வந்து நிறுத்தினதா உறுதி பண்ணிட்டுப் போனாரு மேடம். யாருக்கும் தெரியக் கூடாதுன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. நான் என்ன பண்ணட்டும்? காரணத்த கேட்டதுக்கு குடும்ப விஷயம்னாரு. இப்ப திருப்பி ஏத்தணும்னா அவர் வாயால கேக்கணும். வேற யாரு சொன்னாலும் முடியாது. போன அவர்கிட்ட குடுங்க."

அக்கா போனை நீட்டினார். லட்சுமணன் வாங்கவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு மொதல்ல எதுனா வயி கீதான்னு கேளுக்கா."

"அவளுக்கு வர்றது அவளுக்கு வரும். அதை நீங்க தடுக்கவும் முடியாது, தரவும் முடியாது."

"பூவ ஒரு வார்த்த கேட்டுக்கறேன்."

"சார், லைன்ல இருக்கீங்களா?" என்றது போன்.

"நாளைக்கி பாக்கலாம்," என்றார் லட்சுமணன்.

"நாளைக்கு சாயங்காலத்தோட முடிஞ்சுடும் சார்," என்றது போன்.

"மஜீது வரட்டும். வண்டி நவுந்துட்டா பேஜாரு..."

"யோவ்!" என்றேன் நான்.

கேபினே அதிர்ந்தது. அக்காகூடத் திரும்பிப் பார்த்தார். எனக்கு இப்படியும் ஒரு குரல் உண்டு என்று அவருக்கு அன்றுதான் தெரியும்.

"காலைலேர்ந்து ஒர்த்தன்கூட நேரா பதில் சொல்லல எனக்கு! ஆஸ்பத்திரி சிஸ்டம்ங்குது. சிஸ்டம் நெட்வொர்க்குங்குது. நீ கேஸுங்கற, வெயிலுங்கற, மஜீதுங்கற. எவனோ நல்லா இருக்கட்டும்ங்கற. உன் பொண்டாட்டி அங்க எவன வெட்டறதுன்னு தெரியாம மீன வெட்டிகினு கீறா. நா துப்பறியறதுல சோப்ளாங்கிதான், ஒத்துக்கறேன். எனக்கு பெரிசா எதுவும் வேணாம். ஒண்ணே ஒண்ணு சொல்லு. பொண்ணு, பூவம்மா, லைனு, எல்லாத்தையும் வுட்டுட்டு உனக்குன்னு சொல்லு. உனக்கு உசுரு வேணுமா, வேணாமா?"

லட்சுமணன் என்னைப் பார்த்தார். மங்கிய கண்ணால் என் முகம் எவ்வளவு தெரிந்ததோ தெரியாது. ரொம்ப நேரம் தேடுகிற மாதிரி பார்த்தார். பிறகு அக்காவின் கையிலிருந்த போனை வாங்கினார். தலைகீழாகப் பிடித்தார். நான் திருப்பிக் கொடுத்தேன்.

"வேணும்," என்றார். போனைக் காதில் வைத்தபடி, ஆனால் என்னிடம். "ராத்திரி மூச்சு முட்டும். பூவு எய்ந்துக்கப் போறாளேன்னு தலகாணிய வாயில வெச்சிகினு இருமுவேன். அப்பல்லாம் பயமா கீது நைனா. நா பொயச்சி கெடக்கணும். எனக்கு வேணும்."